விழுந்தது எந்தத் தரையில்?

வள்ளுவர் சாப்பிட உட்காரும்போதெல்லாம் இலைக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீரும் ஓர் ஊசியும் வைக்கச் சொல்வாராம். வாசுகி அம்மையாரும் ஏன், எதற்கு என்று கேட்காமல் வாழ்நாள் முழுக்க வைத்து வந்தார். கடைசிப் படுக்கையில்தான் காரணம் கேட்டார். பரிமாறும்போது பருக்கை ஏதாவது கீழே சிந்தினால் ஊசியால் குத்தி எடுத்து, தண்ணீரில் அலசிச் சாப்பிடலாம் என்றுதான் வைக்கச் சொன்னேன். நீ ஒரு நாளும் சிந்தவில்லை, அதனால் ஊசிக்கு வேலையே வரவில்லை என்றாராம் அவர். செவிவழிக் கதைதான். ஆனால் இந்தக் கதையைச் சொல்லித்தான் எத்தனையோ பாட்டிகள் பேரப்பிள்ளைகளைச் சிந்தாமல் சாப்பிட வைத்திருக்கிறார்கள்.

சோறு சிந்துவதைத் தமிழ் வீடுகள் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. சிந்திய பருக்கை காலில் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். முஸ்லிம் வீடுகளில், கவளம் கைதவறி விழுந்தால் ஒட்டிய அழுக்கை நீக்கிவிட்டுச் சாப்பிடச் சொல்லும் நபிமொழியைப் பெரியவர்கள் எடுத்துச் சொல்வார்கள். ஷைத்தானுக்கு விட்டுவிடக் கூடாது என்பதும் அதில் உண்டு. அம்மன் கோயில்களில் வேண்டுதலுக்காகத் தரையிலேயே சோற்றைப் போட்டு மண்சோறு சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தலைவர்கள் நலம் பெற வேண்டிக் கட்சிக்காரர்கள் மண்சோறு சாப்பிடும் படங்கள் நாளிதழ்களில் பல முறை வந்திருக்கின்றன.

அதே வீடுகளில்தான் இன்னொரு குரலும் கேட்கிறது. பிள்ளையின் கையிலிருந்து முறுக்கு நழுவி விழுகிறது. "ஊதிட்டுத் தின்னு கண்ணு, ஒண்ணும் ஆகாது" என்கிறார் பாட்டி. "ஐயோ அத்தை, வேண்டாம், தரையெல்லாம் கிருமி" என்று அடுப்படியிலிருந்து ஓடி வருகிறார் அம்மா. பள்ளிக்கூடம் போகிற அண்ணன் மூன்றாவதாக ஒரு தீர்ப்பு வைத்திருப்பான்: அஞ்சு எண்ணுறதுக்குள்ள எடுத்துட்டா தப்பில்லை.

அந்த அஞ்சு எண்ணிக்கை அமெரிக்காவில் 'ஐந்து விநாடி விதி' என்ற பெயரில் ஊரறிந்த நம்பிக்கை. ஜப்பானில் மூன்று விநாடிதான் கெடு. கீழே விழுந்த பண்டத்தைக் கிருமிகள் கவனித்து, நெருங்கி, ஏறிக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடிக்கும் என்பதுதான் இதன் அடிப்படை. கேட்பதற்குச் சின்ன விஷயம் போலத் தெரிந்தாலும் இதை ஆய்வகத்தில் வைத்துப் பரிசோதித்திருக்கிறார்கள், ஒரு முறையல்ல, பல முறை.

தொடங்கி வைத்தது ஒரு பள்ளி மாணவி. 2003-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் உணவு அறிவியல் ஆய்வகத்துக்குப் பயிற்சிக்கு வந்த ஜிலியன் கிளார்க், முதலில் வளாகத்தின் தரைகளில் பஞ்சால் ஒற்றி எடுத்துப் பார்த்தார். எண்ணுகிற அளவுக்குக் கூட பாக்டீரியா கிடைக்கவில்லை. ஆளோடும் இடங்களில் பலமுறை எடுத்தும் அதே கதைதான். அதனால் ஓடுகளில் ஈ.கோலை பாக்டீரியாவைத் தாமே பூசி, அவற்றின் மேல் பிஸ்கட்டையும் ஜெல்லி மிட்டாயையும் வைத்துப் பார்த்தார். ஐந்து விநாடிக்குள்ளேயே கிருமி ஏறிவிட்டது. மறு ஆண்டே பொதுச் சுகாதாரத்துக்கான இக் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. முதலில் சிரிக்க வைத்து, பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் பரிசு அது.

கிளார்க்கின் வேலையில் இரண்டு முடிவுகள் இருந்தன. கிருமி இருந்தால் ஐந்து விநாடி காத்திருக்காது என்பது ஒன்று. பார்வைக்குச் சுத்தமாக இருக்கிற, காய்ந்த தரையில் பெரும்பாலும் அவ்வளவு கிருமி இருப்பதில்லை என்பது மற்றொன்று. உலகம் முழுக்கச் செய்தியானது முதல் முடிவு. சாப்பாட்டு வேளையில் ஒரு குடும்பத்துக்கு அதிகம் உதவக்கூடியது இரண்டாவது என்றே தோன்றுகிறது.

அடுத்து இதைக் கையில் எடுத்தவர் தென் கரோலினாவின் கிளெம்சன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பால் டாசன். வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் உண்டாக்கும் சால்மொனெல்லாவை ஓடு, மரத்தரை, தரைவிரிப்பு மூன்றிலும் விட்டு, ரொட்டித் துண்டையும் இறைச்சித் துண்டையும் போட்டு எடுத்தார்கள். 2007-ல் வெளியான அந்த ஆய்வு சொன்னவற்றில் கவலை தரக்கூடியது ஒன்று உண்டு. காய்ந்த தரையில் சால்மொனெல்லா 4 வாரம் வரை உயிரோடு இருந்தது. அப்போதும் உணவுக்குத் தாவுகிற அளவுக்கு இருந்தது. போன மாதம் கோழிக்கறி கழுவிய தண்ணீர் சிந்திய இடம் இன்று பளபளவென்று தெரியலாம். துடைத்ததா, வெறுமனே காய்ந்ததா என்பதைப் பார்வை சொல்லாது.

எல்லாவற்றிலும் விரிவானது 2016-ல் வந்தது. நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஷாஃப்னரும் அவருடைய மாணவி ராபின் மிராண்டாவும் செய்த ஆய்வு. எவர்சில்வர், பீங்கான் ஓடு, மரம், தரைவிரிப்பு என நான்கு பரப்புகள். தர்பூசணி, ரொட்டி, வெண்ணெய் தடவிய ரொட்டி, ஜெல்லி மிட்டாய் என நான்கு பண்டங்கள். ஒரு விநாடிக்கும் குறைவு, 5 விநாடி, 30 விநாடி, 300 விநாடி என நான்கு கால அளவுகள். சால்மொனெல்லாவுக்கு உறவான, ஆனால் தீங்கு செய்யாத ஒரு பாக்டீரியாவைப் பரப்புகளில் தடவி, நன்றாகக் காயவிட்டு, பிறகே பண்டத்தைப் போட்டார்கள். பாக்டீரியாவைக் கலந்து தடவிய திரவமும் இரண்டு வகை. ஆக மொத்தம் 128 விதமான சேர்க்கைகள், ஒவ்வொன்றும் 20 முறை. 2,560 அளவீடுகள்.

தர்பூசணிதான் அதிகமாக வாரிக்கொண்டது. சில சேர்க்கைகளில் தரையில் இருந்த பாக்டீரியாவில் 97 சதவீதம் வரை அதன் மேல் ஏறியிருந்தது. ஜெல்லி மிட்டாய் மிகக் குறைவாக எடுத்தது. நேரம் கூடக் கூடத் தொற்றும் கூடியது உண்மைதான். ஆனால் ஒரு விநாடிக்குள் எடுத்தபோதே சில பண்டங்களில் கிருமி ஏறியிருந்தது. ஷாஃப்னர் சொன்ன காரணம் எளிமையானது: பாக்டீரியாவுக்குக் கால் கிடையாது, ஈரத்தோடுதான் அது நகரும். ஆகவே எத்தனை விநாடி கிடந்தது என்பதைவிட, விழுந்தது எவ்வளவு ஈரமானது என்பதற்கே முதல் இடம்.

தரைவிரிப்பு விஷயத்தில் முடிவு பலரையும் வியக்க வைத்தது. அழுக்கு அடைவதும் துவைக்கக் கஷ்டமானதுமான விரிப்பிலிருந்துதான் மிகக் குறைவாகக் கிருமி ஏறியது. வழவழப்பான ஓடும் எவர்சில்வரும் தாராளமாகக் கொடுத்தன. விரிப்பின் இழைகளுக்குள் கிருமி இறங்கி உட்கார்ந்துவிடுகிறது. விழுந்த பண்டம் இழைகளின் நுனியில்தான் படுகிறது. ஓட்டில் பண்டத்தின் அடிப்பகுதி முழுக்கப் பரப்போடு ஒட்டுகிறது. மொசைக்கும் வழவழ டைல்ஸும் போட்ட நம் வீடுகளுக்கு இது பொருந்தும்.

நேரத்துக்கு ஆதரவாகவும் ஒரு குரல் வந்தது. 2014-ல் பிரிட்டனின் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆன்டனி ஹில்டனும் மாணவர்களும் செய்த சோதனையில், சீக்கிரம் எடுத்தால் தொற்று குறைவு என்று சொன்னார்கள். அது பத்திரிகைச் செய்தியாக வந்ததே தவிர ஆய்விதழில் விவரமாக வரவில்லை. ரட்கர்ஸ் முடிவோடு அது முற்றாக முரண்படவும் இல்லை. சீக்கிரம் எடுத்தால் கொஞ்சம் குறையும். ஆனால் பாதுகாப்பு என்று கோடு போட்டுச் சொல்ல அங்கே ஒரு விநாடிக் கணக்கு கிடையாது.

இனி நம் தட்டுக்கு வருவோம். முறுக்கு, தட்டை, பொரிகடலை, வறுத்த வேர்க்கடலை இவையெல்லாம் காய்ந்த பண்டங்கள். காய்ந்த, பெருக்கித் துடைத்த ஹாலில் விழுந்தால் அவற்றில் ஏறுவது மிகக் குறைவாகத்தான் இருக்கும். தயிர்சாதம், சட்னியில் தோய்த்த இட்லி, தோல் சீவிய மாம்பழத் துண்டு, பப்பாளி, பால்கோவா இவை தர்பூசணியின் பக்கம் நிற்பவை. ஒட்டியதை ஊதி நீக்க முடியாது. அலசினால் பண்டமே கரையும். அவற்றைத் தயங்காமல் விட்டுவிட வேண்டியதுதான். முழு ஆப்பிள், தோலோடு வாழைப்பழம், உரிக்காத ஆரஞ்சு விழுந்தால் கவலையே இல்லை. கழுவியோ உரித்தோ சாப்பிடலாம். சமைக்கப்போகிற காய், பருப்பு, மீன் இவை அடுப்படித் தரையில் விழுந்தால் கழுவி வேகவைத்தால் போதும், கொதி அவற்றின் மேல் உள்ள பாக்டீரியாவை அழித்துவிடும். தாளித்து இறக்கிய பொரியல் விழுந்தால் அப்படி இல்லை. அதற்கு இன்னொரு முறை அடுப்பு கிடையாதே.

தரைகளும் ஒன்றுபோல் இல்லை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வரும் பழக்கம் நம்மிடம் இருப்பது பெரிய நன்மை. அமெரிக்காவில் அரிசோனா பல்கலைக்கழகத்து நுண்ணுயிரியலாளர் சார்லஸ் கெர்பா காலணிகளைச் சோதித்தபோது, பெரும்பாலானவற்றின் அடியில் மலக்கழிவோடு தொடர்புள்ள பாக்டீரியா இருந்தது. தெருவில் மிதித்தது வாசலோடு நின்றுவிட்டால் வீட்டுத் தரை அந்த அளவுக்கு நல்லது. ஆனால் அந்தக் காவலை நாமே தளர்த்தும் இடங்கள் இருக்கின்றன. கழிப்பறையிலிருந்து ஈரக்காலோடு அடுப்படிக்கு வருவது. மூன்று நாளாக வாளியில் ஊறிக் கிடக்கும் துடைப்பத்துணியால் வீடு முழுக்கத் துடைப்பது. கறி, மீன் அலசிய தண்ணீர் சிங்கிலிருந்து வழிந்து கீழே சொட்டுவது. இன்னொன்று, சுவரில் ஓடும் பல்லி. ஊர்வன பலவற்றின் குடலில் சால்மொனெல்லா இருக்கும், பல்லியும் விலக்கல்ல. பரண் ஓரத்திலும் டியூப்லைட்டுக்குக் கீழேயும் தரையில் கிடக்கும் அந்தச் சின்னக் கறுப்பு எச்சத்தைப் பலரும் வெறும் தூசியோடு தூசியாகப் பெருக்கித் தள்ளிவிடுகிறார்கள். அந்த இடத்தில் விழுந்ததைக் காய்ந்த முறுக்காக இருந்தாலும் எடுக்கக் கூடாது.

கிருமியே இல்லாத ஆபத்தும் தரையில் உண்டு. கரப்பானுக்கும் எறும்புக்கும் அடுப்படி ஓரங்களில் போடும் சாக்பீஸ் கோடு பூச்சிக்கொல்லி. அதன் வெள்ளைத் தூள் ஒட்டிய பிஸ்கட்டை எந்தக் கணக்கிலும் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. தவழும் பிள்ளை இருக்கிற வீட்டில் அந்தச் சாக்பீஸே வேண்டாம்.

வீட்டுக்கு வெளியே வந்துவிட்டால் கேள்வியே மாறுகிறது. திறந்தவெளியில் மலம் கழிக்கும் வழக்கம் இருந்த, அல்லது கழிவுநீர் ஓடுகிற மண்ணில் வட்டப்புழுவின் முட்டை ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வெளியே வந்ததும் அது நோய் தராது. மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்து முதிர்ந்த பிறகே வயிற்றுக்குள் போனால் புழுவாகும். ஒட்டும் தன்மை உள்ளதால் விழுந்த கொய்யாவிலும் விளையாடிய விரலிலும் எளிதாக ஏறும். உலகத்தில் சுமார் 150 கோடிப் பேருக்கு மண்வழிப் புழுத்தொற்று இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இந்தியாவில் 2015 முதல் பிப்ரவரி 10-ஐத் தேசியக் குடற்புழு நீக்க நாளாக வைத்து, அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். இரண்டு வயதுக்கு மேல் முழு மாத்திரை, ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை பாதி. அந்த மாத்திரை இப்போது இருக்கிற புழுவை வெளியேற்றும். மறுவாரமே மண்ணில் விழுந்ததை எடுத்துத் தின்றால் புதிதாக வருவதைத் தடுக்காது. ஆகவே தெருவிலும் மைதானத்திலும் விழுந்தது விழுந்ததுதான்.

"அந்தக் காலத்துல நாங்க மண்ணுலயே விழுந்து புரண்டு எல்லாத்தையும் தின்னோம், எங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்கும் பெரியவர்களை அலட்சியப்படுத்த வேண்டியதில்லை. அவர்கள் பேச்சில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. 1989-ல் டேவிட் ஸ்ட்ராக்கன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், அண்ணன் அக்காக்கள் நிறைய உள்ள வீட்டில் பிறந்த குழந்தைகளுக்கு ஒவ்வாமைச் சளித் தும்மல் குறைவாக வருவதைக் கண்டு, சிறு வயதில் கிருமிகளோடு பழகுவது காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். அதிலிருந்து கிளம்பிய ஆய்வுகள், மண், மாடு கன்று, நாய், நிறையப் பிள்ளைகள் இவற்றோடு வளர்வது உடலின் எதிர்ப்பு முறையைப் பக்குவப்படுத்துகிறது என்ற திசையில் போயின. தோட்டத்து மண்ணில் விளையாடட்டும், நாய்க்குட்டியைத் தூக்கட்டும் என்று சொல்ல அவற்றில் இடமிருக்கிறது. ரத்தபேதி தரும் ஷிகெல்லாவையும் சால்மொனெல்லாவையும் கொடுத்துப் பிள்ளையைப் பலப்படுத்தலாம் என்று சொல்ல இடமில்லை. இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். அந்தக் காலத்தில் வாந்திபேதியில் போன குழந்தைகள் இன்று இந்த வாதத்தில் சாட்சி சொல்ல இல்லை.

எத்தனை கிருமி உள்ளே போனால் நோய் வரும் என்பதும் ஆளுக்கு ஆள், கிருமிக்குக் கிருமி மாறும். ஆரோக்கியமான பெரியவருக்கு சால்மொனெல்லா நோய் தர வழக்கமாக ஆயிரக்கணக்கிலோ லட்சக்கணக்கிலோ போக வேண்டியிருக்கும். ஷிகெல்லாவுக்கு 10-இலிருந்து 100 போதும். வாந்தியைக் கொத்துக் கொத்தாகப் பரப்பும் நோரோவைரஸும் அப்படித்தான். வீட்டில் யாருக்காவது வாந்தி, வயிற்றுப்போக்கு இருக்கிற நாட்களில் தரையில் விழுந்த எதையும், எவ்வளவு துடைத்த தரையாக இருந்தாலும், யாருமே சாப்பிடாமல் இருப்பது நல்லது. கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர் இருந்தால் எந்த நாளிலும் அதே கட்டுப்பாடு வேண்டும். 2015-ல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட கணக்கின்படி கெட்ட உணவால் ஆண்டுக்கு 60 கோடிப் பேர் நோய்வாய்ப்படுகிறார்கள், 4,20,000 பேர் இறக்கிறார்கள். அவர்களில் 1,25,000 பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். பாட்டிக்கு ஒன்றும் ஆகாத முறுக்கு பத்து மாதப் பேத்திக்கு ஆகலாம் என்பதற்கு இந்த எண்ணைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

ஊதிக் கொடுக்கும் வழக்கத்தையும் பார்த்துவிடலாம். ஊதினால் மணலும் முடியும் பறக்கும். பாக்டீரியா ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். கூடவே ஊதியவரின் எச்சில் துளியும் சேரும். ஐந்து விநாடி விதியைச் சோதித்த அதே டாசனின் குழு, 2017-ல் பிறந்தநாள் கேக் மெழுகுவத்தியை ஊதுவதையும் சோதித்தது. சோதனைக்கு வந்தவர்களை முதலில் பீட்சா சாப்பிட வைத்து, பிறகு கிரீம் பூசிய பரப்பில் நின்ற மெழுகுவத்திகளை ஊதச் சொன்னார்கள். ஊதாத கிரீமைவிட ஊதிய கிரீமில் பாக்டீரியா சராசரியாக 1,400 சதவீதம் அதிகம். ஆளுக்கு ஆள் பெரிய வேறுபாடும் இருந்தது. சிலர் ஊதியதில் மிகக் கொஞ்சமே வந்தது. வாயில் இருப்பவை பெரும்பாலும் சாதுவானவை என்பதால் பிறந்தநாள் கொண்டாட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் ஊதுவது சுத்தம் செய்யும் வழி என்று நம்புவதை நிறுத்திக்கொள்ளலாம். குடிக்கிற தண்ணீரில் அலசுவது அதைவிட நல்லது. ஊசியும் கிண்ணத் தண்ணீரும் வைத்த கதை அந்த மட்டில் சரியான இடத்தில்தான் நிற்கிறது.

ஒரு வகையில், தரையைப் பற்றி இவ்வளவு பதறுகிற நாம் வேறு இடங்களில் மெத்தனமாக இருக்கிறோம். 2011-ல் அமெரிக்காவில் 22 வீடுகளில் செய்த ஒரு சோதனையில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சும் துடைக்கும் துணியும்தான் வீட்டிலேயே அழுக்கானவையாக இருந்தன. முக்கால்வாசிக்கும் மேற்பட்டவற்றில் மலக்கழிவு வகைப் பாக்டீரியா இருந்தது. குளியலறைக் குழாய்ப் பிடிகளில் அது பத்தில் ஒன்றுக்கும் குறைவு. அடுப்படியில் கைதுடைக்க, மேடை துடைக்க, பால் பாத்திரம் இறக்க, குழந்தையின் வாய் துடைக்க என எல்லாவற்றுக்கும் ஒரே கரித்துணி புழங்குகிற வீடுகள் எத்தனை! தரையில் விழுந்த பிஸ்கட்டைப் பதறித் தூக்கி எறிந்துவிட்டு, அதே கரித்துணியால் தட்டைத் துடைத்துப் புதுப் பிஸ்கட் வைத்துக் கொடுத்தால் பிள்ளைக்கு என்ன லாபம்? துணியை நாள்தோறும் கொதிநீரில் போட்டு வெயிலில் காயப்போடுவதும், சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் தரைப் பயத்தைவிட நூறு மடங்கு பயன் தரும். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள் என்பதும் உலகச் சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்வதுதான்.

இந்தக் கேள்வி நிஜமாகவே கடினமாவது பள்ளிச் சத்துணவு வரிசையில். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் சத்துணவோடு பிள்ளைகளுக்கு அவித்த முட்டை கிடைக்கிறது. வராந்தாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிடும் வரிசையில், தோல் உரித்த முட்டை தட்டிலிருந்து வழுக்கி உருண்டு போவதைப் பார்க்காத சத்துணவு அமைப்பாளர் இருக்க மாட்டார். பல பிள்ளைகளுக்கு அந்த நாளின் புரதம் பெரும்பாலும் அந்த ஒரு முட்டைதான். ஈரமான, வழவழப்பான பண்டம். எல்லோரும் நடந்த தரை. ஆய்வின்படி விட்டுவிட வேண்டிய வகை. ஆனால் "தூக்கிப் போடு" என்று சொல்லிவிட்டு வெறும் சோற்றோடு அனுப்புவதும் நியாயமில்லை. முட்டையைத் தோல் உரிக்காமல் தட்டில் வைத்துவிட்டு, உட்கார்ந்த பிறகு பிள்ளையே உரித்துக்கொள்ளும்படி விட்டால் உருண்டு விழும் முட்டையில் பெரும்பகுதி தப்பிவிடும். ஓட்டோடு விழுந்தால் துடைத்து உரித்துச் சாப்பிடலாம், ஆபத்து இல்லை. அதற்கும் முன்னால், உட்காரும் இடத்தைச் சாப்பாட்டுக்கு முன் துடைத்துக் காயவிட வேண்டும். கை கழுவும் இடத்தில் சோப்பு இருக்க வேண்டும். விழுந்த முட்டைக்கு மாற்று முட்டை கேட்டு எழுந்து நிற்கும் பிள்ளையை அதட்டாமல் இருப்பதும் இந்தக் கவனத்தில் சேர்ந்ததுதான்.

வேண்டாம் என்று முடிவெடுத்ததை என்ன செய்வது என்பதில் நம் வீடுகளுக்கு நல்ல வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. காக்கைக்கும் கோழிக்கும் வைக்கலாம். உப்பும் காரமும் தோய்ந்ததாக இருந்தால் உரக்குழியில் போடலாம். ஆனால் தன் பிள்ளைக்கு ஆகாது என்று ஒதுக்கியதைத் துடைத்து, வீட்டு வேலைக்கு வருகிறவரின் பிள்ளைக்குப் பொட்டலம் கட்டிக் கொடுக்கிற வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதற்கு எந்தக் காரணமும் சொல்ல முடியாது. அந்தப் பிள்ளையின் வயிறும் அதே வயிறுதான். காய்ச்சல் வந்தால் மருத்துவமனைக்குப் போக ஒரு நாள் கூலியை விட வேண்டியவர் அதன் அம்மா.

இத்தனையும் படித்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் தரையில் கிடந்ததைக் குழந்தை வாயில் போட்டு விழுங்கியிருக்கும். அப்படி ஆனால் பதற வேண்டாம். தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். பெரும்பாலும் ஒன்றும் நேராது. நேர்ந்தாலும் உடனே தெரியாது. சால்மொனெல்லாவுக்கு 6 மணி நேரத்திலிருந்து 6 நாள் வரையும், ஷிகெல்லாவுக்கு ஒன்றிரண்டு நாளும் ஆகலாம். வயிற்றுப்போக்கு தொடங்கினால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் சொன்னபடி ஒரு லிட்டர் சுத்தமான குடிநீரில் முழுதாகக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைப்பது தவறு. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, குழந்தை சோர்ந்து கண் குழிவிழுந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விழுங்கியது பூச்சி மருந்துத் தூள் ஒட்டியதாக இருந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் அப்போதே கிளம்ப வேண்டும். சாக்பீஸ் வந்த பெட்டியையும் கையோடு எடுத்துப் போங்கள். அதில் அச்சிட்டிருக்கும் மருந்தின் பெயரைத்தான் மருத்துவர் முதலில் கேட்பார்.